பிடித்துக்கொண்ட நட்டை உடைக்காமல் அவிழ்க்கும் வழி

நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் தண்ணீர் தட்டினால் மணிகள் பதராகிப் போகும். இதை அறியாத விவசாயி இல்லை. வாய்க்கால் தண்ணீர் அந்தச் சமயம் பார்த்து நின்றுவிட்டால், கிணற்றிலோ கண்மாயிலோ கிடக்கும் தண்ணீரை இறைத்துத்தான் பயிரைக் கரை சேர்க்க வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையும் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் தண்ணீர் தருகின்றன என்றாலும், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து மேட்டு நிலங்களில் கிணறுதான் கைகொடுக்கிறது. மின் மோட்டார் வந்த பிறகு பழைய ஆயில் எஞ்சினுக்கு மவுசு குறைந்தது உண்மையே. ஆனாலும் மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களும், கண்மாய்க் கரைக்கு இறைவைப் பொறியை எடுத்துச் செல்ல வேண்டியவர்களும் அதை இன்னும் கைவிடவில்லை.

தொல்லை அதைச் சாக்கு நீக்கி வெளியே எடுக்கும் நாளில்தான் தொடங்குகிறது. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டில் கசிவு. புது கேஸ்கெட் போட ஹெட்டைக் கழற்ற வேண்டும். நட்டில் ஸ்பானரைப் போட்டால் அசையவில்லை. ஸ்பானரின் பிடியில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி, வீட்டில் உள்ள இளவட்டம் தன் பலம் முழுவதையும் போட்டுத் தொங்குகிறது. ‘டக்’ என்று ஒரு சத்தம். நட் அவிழ்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. குனிந்து பார்த்தால் நட்டுடன் ஸ்டட்டின் பாதியும் கையோடு வந்திருக்கிறது. மீதிப் பாதி எஞ்சின் பிளாக்கிற்குள் இருக்கிறது.

நட்டின் விலை சில ரூபாய். உள்ளே முறிந்த ஸ்டட்டை எடுக்க எஞ்சினையே வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டறையில் முன்னே வந்த வேலைகள் வரிசையில் நிற்கும். இத்தனைக்கும் பயிர் காத்திருக்காது.

பிடித்துக்கொண்ட நட்டுக்குப் பலம் மருந்தல்ல, நேரம்தான் மருந்து. நாளைக் காலை கழற்ற வேண்டிய நட்டுக்கு இன்று மாலையே எண்ணெய் விட்டவர் பெரும்பாலும் முறிக்காமல் கழற்றுகிறார்.

நட் ஏன் பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் கனஅளவு பெருகுகிறது. துருவின் தன்மையைப் பொறுத்து, கரைந்த இரும்பைப் போல் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை அது இடத்தை அடைக்கும். வெளியில் என்றால் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மரைகளின் இடுக்கில் அது எங்கே போகும்? ஆப்பு அடித்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது.

சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. அவை தினமும் கொதித்து ஆறுகின்றன. மரையில் இருந்த எண்ணெய் கருகிக் கரியாகி, துருவோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது. எஞ்சினிலேயே மிக மோசமாகப் பிடிக்கும் நட்டுகள் இவைதாம். அலுமினியப் பாகத்தில் இரும்புப் போல்ட் முடுக்கியிருக்கும் இடமும் அப்படியே. ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு உண்டாகி, வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும்.

உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் பம்பின் போல்ட்டுகள் சீக்கிரம் கெடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பலர் கவனிக்காதது வேறு ஒன்று. எஞ்சின் இருக்கும் அதே கொட்டகையில் உர மூட்டைகளையும் அடுக்குகிறார்கள். பொட்டாஷ் உரம் என்று வாங்குவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புதான். யூரியாவோ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கிழிந்த மூட்டையிலிருந்து பறக்கும் தூசி எஞ்சின்மேல் படிந்தால், கடற்கரையில் நிறுத்திய எஞ்சினின் கதிதான் அதற்கும்.

ஸ்பானர் போடுமுன்

முதலில் கம்பி பிரஷ்ஷால் நட்டையும் வெளியே நீட்டியிருக்கும் மரையையும் நன்றாகத் தேய்க்க வேண்டும். பெயிண்ட், மண், கெட்டிப்பட்ட கிரீஸ் எல்லாம் போக வேண்டும். வெளியே துருவும் மண்ணும் அப்பிய மரைமேல் நட் ஏறிவர முயன்றால் பாதி வழியில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, ஸ்பானர் சரியானதுதானா என்று பார்க்க வேண்டும். நட்டின் முனை மழுங்குவதற்குத் துருவைவிடப் பொருந்தாத ஸ்பானரே பெரிய காரணம். பழைய எஞ்சின்களில் இந்தக் குழப்பம் அதிகம். நம் ஊரில் ‘லிஸ்டர்’ என்று பொதுப்பெயரால் அழைக்கப்படும் மெதுவேக எஞ்சின் இங்கிலாந்தில் பிறந்தது. நிமிடத்துக்கு 650 சுற்றில் 6 குதிரைத்திறன் தருவது. அதைப் பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமாகச் செய்தார்கள். ஆங்கில எஞ்சின்களின் பழைய மரைகள் விட்வொர்த் அளவு. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841-இல் முன்வைத்த அளவு அது. மரையின் கோணம் 55 பாகை. இப்போது கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. இந்தியா 1956-இல் சட்டம் செய்து மெட்ரிக் முறைக்கு மாறியது என்றாலும் பழைய இரும்பு மாறிவிடவில்லையே!

இதனால் வரும் சங்கடத்துக்கு ஓர் உதாரணம் போதும். அரை அங்குல விட்வொர்த் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே பழைய அளவுப்படி 0.92 அங்குலம், அதாவது சுமார் 23.4 மி.மீ. இதற்கு 23 நம்பர் ஸ்பானர் நுழையாது; 24 நுழையும், ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டமே முனைகளை உருட்டிவிடப் போதுமானது. விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் அல்ல, போல்ட்டின் பருமன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் இத்தகைய ஸ்பானர்கள் இன்னும் கிடைக்கின்றன. கண்ணில் பட்டால் விடாமல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எப்போதும் ஆறு பக்கமும் கவ்வும் பாக்ஸ் ஸ்பானரோ ரிங் ஸ்பானரோதான் முதலில். வாய் திறந்த ஸ்பானர் இரண்டு பக்கம்தான் பிடிக்கும். ஸ்க்ரூ ஸ்பானரும் பைப் ரெஞ்சும் கடைசிக் கட்டத்துக்கானவை.

திருப்பும் திசையையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். சைக்கிளின் இடது பெடலைக் கழற்றியவர்களுக்கு இடது மரை என்றால் என்னவென்று தெரியும். சுழலும் தண்டுகளின் முனையில் உள்ள சில நட்டுகள் அப்படி இருக்கும். பம்பின் இம்பெல்லர் நட்டை, அவிழ்க்கிறோம் என்று எண்ணி இறுக்கியே முறித்தவர்கள் உண்டு. வெளியே தெரியும் மரையின் சரிவைப் பார்த்தாலே திசை விளங்கிவிடும்.

எண்ணெயும் தட்டலும்

துருவுக்குள் இறங்க எண்ணெய் நீர்த்ததாக இருக்க வேண்டும். கடைகளில் டப்பாவில் பீய்ச்சும் எண்ணெய்கள் பல கிடைக்கின்றன. டபிள்யூ.டி.40 என்பது அவற்றில் பலரும் அறிந்த பெயர். 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்யப்பட்டது அது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்த எண். துருவுக்கென்றே தயாரித்த எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. இவை எதுவும் இல்லையென்றால் இரண்டு பங்கு மண்ணெண்ணெய் அல்லது டீசலுடன் ஒரு பங்கு புதிய எஞ்சின் ஆயிலைக் கலந்துகொள்ளலாம். வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டாம். அதிலுள்ள கசடு இடுக்கை அடைத்துக்கொள்ளும். சமையல் எண்ணெயும் ஆகாது, நாள்பட்டால் பிசினாகிவிடும்.

மாலையில் சில சொட்டு விட வேண்டும். இரவு படுக்கும்முன் மறுபடியும். காலையில் மறுபடியும். நட் படுத்தவாக்கில் இருந்தால் எண்ணெய் வழிந்து போய்விடும். அங்கே பழந்துணியை எண்ணெயில் நனைத்துச் சுற்றிக் கட்டிவிடலாம். ஒவ்வொரு முறையும் எண்ணெய் விட்டபின் நட்டின் பக்கங்களில் சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கனமான சுத்தியலை அணைகொடுத்துத் தட்டினால் மேலும் பலன் உண்டு. தட்டுவது என்றால் தட்டுவதுதான், அடிப்பதல்ல. அந்த அதிர்வில் துரு வெடித்து, எண்ணெய் இறங்க மயிரிழை போன்ற வழிகள் உண்டாகும். போல்ட்டின் முனைமேல் நேராக அடித்தால் முனை பூத்துப்போய், நட் வெளியே வரவே வழியில்லாமல் போகும். வார்ப்பிரும்பின் ஓரங்களில் சுத்தியல் படவே கூடாது. அது வளையாது, நேரே விரிசல்தான்.

இனி ஸ்பானர். முதல் அசைவு இறுக்கும் பக்கமாக இருக்கட்டும், அதுவும் கொஞ்சமே. பலருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். துரு பிடித்த பிடி எந்தப் பக்கம் விட்டாலும் விட்டதுதான். சிறிது அசைந்ததும் அவிழ்க்கும் பக்கம் கால் சுற்று, பிறகு திரும்பவும் இறுக்கும் பக்கம், பிறகு இரண்டு சொட்டு எண்ணெய். இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டியே கொண்டுவர வேண்டும். அசைந்த நட்டை ஒரே மூச்சில் அவிழ்க்க முயன்றால் மரையில் பொடிந்த துரு முன்னே குவிந்து மறுபடி கவ்வும். அப்போது முறிகிற ஸ்டட்டுகளே அதிகம். ‘முதலில் அசைந்ததே’ என்று அங்கலாய்ப்பார்கள்.

கையில் வரும் உணர்வையும் கவனிக்க வேண்டும். நட் அவிழும்போது ‘கிறீச்’ என்று சத்தமிட்டு, பிடி சட்டென்று தளரும். சத்தமில்லாமல், மாவு பிசைவது போல் மெத்தென்று திரும்பினால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒருநாள் எண்ணெயில் ஊறட்டும். நீளக் குழாய் செருகிய ஸ்பானரில் இந்த உணர்வு கைக்கு வருவதே இல்லை. குழாயை வேண்டாம் என்பது இதற்காகத்தான்.

சில சமயம் நட்டும் ஸ்டட்டும் சேர்ந்தே பிளாக்கிலிருந்து கழன்று வரும். பதற வேண்டியதில்லை. பட்டறை வைஸில் பிடித்து இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம்.

காளவாசல் தரும் பாடம்

உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கமிருந்து தேனி சாலை வழியாக மதுரைக்குள் நுழைபவர்கள், எஞ்சின் பாகத்தைச் சாக்குப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காளவாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள். காளவாசல் என்றால் சூளை. இன்று அங்கே மேம்பாலமும் கடைகளும் நெரிசலும்தான் கண்ணில் படும். பெயர் மட்டும் நெருப்பை நினைவில் வைத்திருக்கிறது. எண்ணெய்க்கு மசியாத நட்டுக்கு அடுத்த வைத்தியமும் நெருப்புதான்.

சூடு இரண்டு வேலை செய்கிறது. நட்டை மட்டும் சூடாக்கினால் அது போல்ட்டைவிடச் சற்று விரிகிறது. 12 மி.மீ. துளையுள்ள எஃகு நட்டின் வெப்பத்தை 200 பாகை செல்சியஸ் உயர்த்தினால், துளை சுமார் 0.03 மி.மீ. பெரிதாகும். தலைமுடியின் பருமனில் பாதி அளவே அது. ஆயினும் துரு நொறுங்குவதற்கு அது போதும். ஆறும்போது நட் சுருங்கி மீண்டும் துருவை நசுக்குகிறது. எனவே ஒருமுறை நன்றாகச் சூடாக்குவதைவிட, இரண்டு மூன்று முறை சூடாக்கி ஆறவிடுவது மேல். செந்தணலாக்கத் தேவையில்லை. சூடு போல்ட்டுக்குப் பரவுமுன் நட்டை வேகமாகச் சூடாக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

சூடாக உள்ள நட்டின் ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுக்கப்படும். பழைய மெக்கானிக்குகளின் இந்த முறை எளியது, செலவில்லாதது. மெழுகு தீப்பற்றும் அளவுக்குச் சூடு இருக்கக் கூடாது.

ஆனால் நெருப்பைக் கையாளுமுன் யோசிக்க வேண்டியவை பல. முதலில் விட்ட மண்ணெண்ணெயும் டீசலும் நட்டிலிருந்து முழுவதும் துடைக்கப்பட வேண்டும். எண்ணெய் ஊறிய துணி அருகில் இருக்கக் கூடாது. டீசல் டேங்க் பூட்டியபடி எஞ்சினில் நெருப்புக் காட்டுவது மடமை. டேங்கைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். வேலையைக் கொட்டகைக்குள் செய்யவே கூடாது. அங்கே வைக்கோல் இருக்கும், மருந்து தெளிப்பான் இருக்கும், பாதி தீர்ந்த பூச்சிமருந்து டப்பாவும் இருக்கும். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளி மணலுடன் செய்ய வேண்டும். முலாம் பூசிய வெள்ளை போல்ட்டுகளைச் சூடாக்கினால் வரும் வெண்புகை நச்சுத்தன்மை உடையது. முகர்ந்தால் காய்ச்சல் காணும்.

சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு. அதன் ஓரிடத்தை மட்டும் கடுமையாகச் சூடாக்கினாலோ, சூடான இடத்தில் தண்ணீர் ஊற்றினாலோ பிளந்துவிடும். அலுமினியப் பாகங்கள் செந்நிறம் காட்டாமலே திடீரென்று இளகி விழும். ரப்பர் வளையங்கள், இன்ஜெக்டர், டீசல் பம்ப் ஆகியவற்றின் பக்கம் நெருப்பே ஆகாது. இந்த இடங்களில் நட் அசையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் புத்தி.

நட்டை இழந்து ஸ்டட்டைக் காத்தல்

எண்ணெயும் சூடும் பலிக்காதபோது நட்டைப் பலிகொடுத்துவிடலாம். நட்டின் ஒரு பக்கத்தில், மரைக்கு இணையாக, ஆக்சா பிளேடால் மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். மரையைத் தொடுமுன் நிறுத்தி, அந்தப் பிளவில் உளியை வைத்து ஓர் அடி அடித்தால் நட் வாய்பிளந்துவிடும். ஸ்டட்டின் மரையில் ஒரு கீறல் விழுந்தாலும் டை ஓட்டிச் சரிசெய்துகொள்ளலாம். முனை மழுங்கிய நட்டை மணிக்கணக்கில் பைப் ரெஞ்சால் குதறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

திருப்புளியால் கழற்றும் ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் காடிதான் முதலில் கெடும். காடியின் அழுக்கைச் சுரண்டி எடுத்து, அதை முழுதாக நிரப்பும் அகலமான திருப்புளியை வைத்து, அதன் தலையில் இரண்டு மூன்று முறை சுத்தியலால் தட்டிவிட்டுத் திருப்ப வேண்டும். அடிக்கும்போதே திரும்பும் இம்பாக்ட் திருப்புளி ஒன்று ஊரில் நாலு பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொள்ளத் தக்கது.

கல்டிவேட்டர் கொழு, ரோட்டவேட்டர் கத்தி ஆகியவற்றின் போல்ட்டுகளுக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. அவை தேய்ந்து மாற்றவே போட்டவை. அசையாவிட்டால் அறுத்து எறிந்துவிட்டுப் புதியது போடுவதே லாபம். வாங்கும்போது அதே உறுதியுள்ள போல்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான மெல்லிரும்புப் போல்ட் முறிந்தால் கத்தி தெறிக்கும்.

ஸ்டட் முறிந்தே போய்விட்டால்? வெளியே சிறிது நீட்டியிருந்தால், அதன்மேல் ஒரு புது நட்டை வைத்து உட்புறம் வெல்டிங் செய்து, ஆறியதும் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். வெல்டிங்கின் சூடே துருவை உடைத்திருக்கும். பிளாக்கின் மட்டத்துக்கு முறிந்திருந்தால் சரியாக நடுவில் துளையிட்டு எடுக்க வேண்டும். கை டிரில்லால் வீட்டில் முயல வேண்டாம். எஃகைவிட வார்ப்பிரும்பு மென்மையானதால் துளை ஓரமாக நழுவி பிளாக்கைத் தின்றுவிடும். எடுப்பதற்கென்று உள்ளே முடுக்கும் கருவியும் துளைக்குள்ளேயே முறிந்தால், மிகக் கடினமான அந்த எஃகைச் சாதாரண டிரில் தொடாது. லேத் பட்டறைக்காரரிடம் வேலை கைபடாமல் போனால் ஒரு மணி நேர வேலை. நாம் குதறியபின் போனால் ஒருநாள் வேலை.

திரும்பப் பூட்டும்போது

கழற்றிய மரைகளை எல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட் கையாலேயே கடைசி வரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்வொர்த் ஸ்டட்டில் மெட்ரிக் நட்டைப் பூட்டும் தவறு பரவலாக நடக்கிறது. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ.; அதில் அங்குலத்துக்கு 12 மரை. 12 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளியோ 1.75 மி.மீ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். ஸ்பானரால் அழுத்தினால் ஏறவும் செய்யும். இறுக்கும்போது மரை வழித்துக்கொண்டு போகும். கழற்றிய பழைய நட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது. மரை கழன்றவன் என்று மனிதரை ஏசுகிறோம். மரை கழன்ற எஞ்சினை வைத்துக்கொண்டு படும் பாடு அதைவிடப் பெரிது.

சைலன்சர் ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட் போட்டால் துருப்பிடித்து ஒட்டாது. அங்கே சாதாரண கிரீஸ் கருகிவிடுமாதலால் கிராஃபைட் அல்லது செம்புப் பொடி கலந்த கிரீஸைத் தடவ வேண்டும். மற்ற இடங்களுக்குச் சாதாரண கிரீஸ் போதும்.

ஹெட் நட்டுகளில் ஓர் எச்சரிக்கை உண்டு. எண்ணெய் தடவிய மரையில் உராய்வு குறைவதால், அதே கைபலத்தில் ஸ்டட் அதிகமாக இழுபடும். எண்ணெய் தடவிவிட்டுப் பழையபடி தொங்கினால் இந்த முறை இறுக்கும்போதே முறியும். மரையில் மெலிதாக எஞ்சின் ஆயில் தடவலாமா, வேண்டாமா என்பதையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் எஞ்சினுடன் வந்த புத்தகத்தைப் பார்த்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு உள்ள மெக்கானிக்கைக் கொண்டு செய்வது உத்தமம். எதிரெதிர் நட்டுகளாக, மூன்று சுற்றில் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். எஞ்சின் ஓடிச் சூடாகி ஆறியபின் புத்தகம் சொல்லியிருந்தால் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இறைப்பு முடிந்து எஞ்சினை ஒதுக்கி வைக்கும் நாளில் அரை மணி நேரம் செலவிட்டால் அடுத்த ஆண்டு இந்தப் பாடு இராது. ஈரத்தைத் துடைத்து, தண்ணீர்ச் சட்டையில் தங்கிய நீரை வடித்துவிட்டு, வெளியே தெரியும் எல்லா மரைகளிலும் பிரஷ்ஷால் எண்ணெய் தடவ வேண்டும். மாதம் ஒருமுறை ஃபிளைவீலைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். மூடும் சாக்கு உரச் சாக்காக இருக்க வேண்டாம். நெல் சாக்கு நல்லது. உர மூட்டைகளைக் கொட்டகையின் மறுகோடியில், பலகைமேல் அடுக்கிக்கொள்ளலாம்.